அடுப்பை எங்கே வைக்கிறது?

பண்டாரவளை, தியத்தலாவ, அப்புத்தளைப் பக்கம் வீடு விற்பனை விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: சுடுதண்ணி வசதி உண்டு. குளிர் ஊர், அதனால் அதுக்கு ஒரு விலை இருக்கு. வாங்கப் போகிறவர்கள் முதலில் குசினியைப் பார்ப்பாங்க, பிறகு பாத்ரூமைப் பார்ப்பாங்க. கீசரைக் கொண்டுபோய் படுக்கை அறைச் சுவரில் மாட்டியிருந்தால் முகம் சுளிப்பாங்க. "இதை எடுத்து அந்தப் பக்கம் போடலாமா?" என்று கேட்பாங்க. போடலாம். காசு கொடுத்து வாங்கிய வீடு, சுவரை உடைக்கலாம், குழாயைத் திருப்பலாம், யாரும் கேட்க முடியாது.

இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமை ஊவா மலையில் யாருக்கு எப்போது வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. நெருப்பு வீட்டுக்குள் எங்கே இருக்கணும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் மலையகத்தின் வீட்டு வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால், சட்டங்களிலிருந்தும் ஒப்பந்தங்களிலிருந்தும் ஆரம்பிப்பதைவிட நிறையத் தெளிவாகிறது என்று நினைக்கிறேன்.

லயம் முதலில் தேயிலைக்காகக் கட்டப்பட்டது இல்லை. அதுக்கு முன்னாடி கோப்பி இருந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பழம் பறிக்கிற மாதங்களுக்கு வந்து, கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினவங்க. சில மாதம் தங்குகிறவனுக்கு எதற்கு வீடு? மழைக்கு ஒதுங்க ஒரு கூரை போதும் என்று தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். நீளமாக ஒரு சுவர், அதைக் கூறு போட்டு அறைகள், மேலே புல்லோ தகரமோ. குதிரை லாயத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். லயம் என்ற சொல்லே 'லைன்' என்ற இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வாங்க, ஆனா காதில் லாயம் என்றும் விழத்தான் செய்யுது.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் வந்தது. உலகத்தையே கலக்கிய அந்தக் கோப்பித் துரு நோய் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம மாவட்டத்தின் மடுல்சீமையில்தான். பதினைந்து, இருபது வருஷத்துக்குள் கோப்பி முடிந்தது, தேயிலை வந்தது. இங்கேதான் விஷயம் இருக்கு. கோப்பிக்கு ஒரு பருவம் உண்டு, தேயிலைக்கு அது கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். அதனால் ஆண்கள் மட்டும் வந்துபோனது மாறி, பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாக வந்து நிலையாகத் தங்க ஆரம்பித்தார்கள். தொழில் மாறியது, தங்குகிறவர்கள் மாறினார்கள், கட்டிடம் மட்டும் மாறவில்லை. சில மாதத் தங்கலுக்குப் போட்ட அளவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழச் சொன்னார்கள்.

அந்த அளவு ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அவ்வளவுதான். குசினி என்று ஒன்று அந்தத் திட்டத்திலேயே கிடையாது. சமைக்காமல் மனுஷன் எப்படி வாழ்வான் என்று வரைந்தவர் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்திருப்பார். அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அரிசி பொங்க நெருப்பு வேணும் என்பது துரைக்குத் தெரியாமல் இருக்காது. அந்த நெருப்புக்கு இடம் ஒதுக்கினால் செலவு கூடும், அதனால் அதை குடியிருக்கிறவர்களின் தலையில் விட்டுவிட்டார்கள்.

குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டே வழி. ஒன்று, காம்பராவுக்குள் ஒரு மூலையில் மூன்று கல்லை வைத்துச் சமைப்பது. இரண்டு, இஸ்தோப்பை மறைத்துக் குசினி ஆக்குவது. முதல் வழியில் படுக்கிற இடத்திலேயே புகை. இரண்டாவது வழியில் இஸ்தோப்பு போய்விடும், வெளிச்சம் போய்விடும், காம்பராவுக்கு இருந்த ஒரே வாசலின் முன்னால் அடுப்பு வந்து உட்காரும். புகை வெளியே போவதற்கு முன்னால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். நீங்க எந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பீங்க. லயத்தை வெளியே இருந்து பார்க்கிற ஆட்கள் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பாங்க. உள்ளே வந்து பார்த்தால் ஒவ்வொரு காம்பராவும் ஒவ்வொரு தினுசு. தகரம், பலகை, சாக்கு, களிமண் என்று கிடைத்ததை வைத்து ஒவ்வொரு குடும்பமும் அடுப்புக்கு ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கும். கட்டிடக்கலை என்றால் எனக்கு அதுதான். தோட்டத்து வரைபடத்தில் இருக்கிற நேர்கோடு இல்லை.

இரட்டை லயம் இன்னும் மோசம். முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் பன்னிரண்டு என்று முதுகோடு முதுகு ஒட்டி இருபத்து நாலு காம்பரா. நடுச்சுவர் பொதுச்சுவர், அதனால் பின்னால் ஜன்னல் வைக்க முடியாது. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழியே இல்லை. முதுகொட்டி வீடு என்ற இந்த வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தவங்களுக்குப் புதுசு இல்லை. லீட்ஸ் மாதிரியான ஆலை நகரங்களில் தொழிலாளர்களுக்கு இதே மாதிரித்தான் வரிசையாகக் கட்டினார்கள். காற்றோட்டம் இல்லை, நோய் பரவுது என்று டாக்டர்மார் சத்தம் போட்டு, 1909இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த மாதிரி வீடுகளைப் புதுசாகக் கட்டுவதற்குத் தடை போட்டது. அந்தக் காலனித்துவ ஆட்சியின் கீழேயே இருந்த நம்ம மலையில் இரட்டை லயங்கள் அப்படியே இருந்தன. இன்றைக்கும் இருக்கு. இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லணும். லீட்ஸ் தொழிலாளியின் அந்த மோசமான வீட்டில்கூட ஒரு கணப்பு இருந்தது, அதுக்கு மேலே ஒரு புகைக்கூண்டு இருந்தது. நம்ம லயத்துக்கு அதுவும் தரவில்லை.

ஆனால் தோட்டத்தில் புகைக்கூண்டே இல்லையா? இருந்தது. இரண்டு இடத்தில்.

ஒன்று ஸ்டோரு. தேயிலை ஸ்டோரு மாதிரி வெப்பத்தைக் கவனமாகக் கணக்குப் பார்த்துக் கட்டின கட்டிடம் தோட்டத்தில் வேறு கிடையாது. மேல் மாடிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட விடணும். அதுக்குக் காற்று அளவாக வேணும், மழை நாளில் வெதுவெதுப்பான காற்று வேணும். அதனால்தான் ஸ்டோருக்கு அவ்வளவு உயரம், வரிசை வரிசையாக அவ்வளவு ஜன்னல். பிறகு அரைத்து, புளிக்க விட்டு, கடைசியில் நூறு டிகிரியை ஒட்டிய சூட்டுக் காற்றில் காய வைக்கணும். அந்தச் சூட்டுக்கு விறகு உலை. உலையின் புகை ஒரு துளிகூடத் தேயிலையில் படக் கூடாது, பட்டால் வாசம் கெட்டுவிடும், கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஆகவே புகை தனி வழியில் உயரக் குழாயில் போகும், சூடு மட்டும் இலைக்கு வரும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் வரும், உலகச் சந்தையில் அதுக்குத் தனிப் பெயரும் உண்டு. அந்த வாசத்தைப் புகையிலிருந்து காப்பாற்றுவதற்கு இன்ஜினியர்கள் இருந்தார்கள். அதே கொழுந்தைப் பறித்தவள் அந்தி நேரம் காம்பராவுக்கு வந்து, ஈர மிலாறை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது அவள் கண்ணுக்குள் போன புகையைப் பற்றி யோசிக்க ஒருத்தரும் இல்லை.

(மிலாறு தெரியாதவங்களுக்கு: தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற குச்சி. காய்ந்தால் நல்லா எரியும். பதுளையில் எத்தனை மாதம் அது காய்ந்திருக்கும் என்பது வேறு கதை.)

இரண்டாவது இடம் பங்களா. அப்புத்தளையில் அடிஷம் பங்களாவை நிறையப் பேர் போய்ப் பார்த்திருப்பீங்க. சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டினது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன், கொழும்பின் பெரிய ஏஜென்சி நிறுவனமொன்றின் தலைவர். கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். இப்போ அது துறவிகளின் மடம், அங்கே விற்கிற ஜாமும் பழரசமும் நல்லா இருக்கும். கட்டிடத்தை ரசிக்கிறதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, அழகாகத்தான் இருக்கு. ஆனா போகிறவங்க ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பாருங்க. கல்லால் கட்டின உயரமான புகைக்கூண்டுகள். குளிர் தேசத்திலிருந்து வந்தவருக்கு நெருப்பு வீட்டின் நடுவிலும் வேணும், புகை வீட்டுக்கு வெளியிலும் போகணும். இரண்டையும் அவர் காசு கொடுத்து வாங்கினார்.

துரைமார் பங்களாக்களில் சுடுதண்ணிக்கும் விறகு பாய்லர்தான். அது வீட்டுக்குள் இருக்காது. குளிக்கும் அறையின் பின்சுவருக்கு வெளியே, துரை கண்ணில் படாத இடத்தில் இருக்கும். விடியக் காலையில் ஒருத்தர் வந்து அதைப் பற்றவைப்பார். சுவருக்கு உள்ளே சுடுதண்ணி, வெளியே புகையும் அதைப் பற்றவைத்தவரும். அசௌகரியமான இடத்தில் இருந்த பாய்லர் என்றால் அதுதான், ஆனால் யாருக்கு அசௌகரியம் என்று பார்க்கணும்.

லயத்துப் பெண்களுக்கு விடிகாலை என்பது நாலு மணி. பெரட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் காலைச் சாப்பாடு, பகல் சாப்பாடு, பிள்ளைக்குப் பால், எல்லாம் அந்த ஒரு அடுப்பில். எங்க அப்பாயி சொல்லுவாங்க, அந்தக் காலத்தில் லயத்தில் மணிக்கூடு தேவையில்லை, எந்தக் காம்பராவிலிருந்து புகை வருது என்று பார்த்தாலே நேரம் தெரிஞ்சிரும் என்று. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அதே அப்பாயிக்கு ஐம்பது வயசிலிருந்து இழுப்பு. பீடி, சுருட்டு எதையும் தொட்டது கிடையாது. வீட்டுக்குள் எரிகிற விறகு, நிலக்கரி மாதிரியான எரிபொருட்களின் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அதில் பெரிய பங்கு பெண்களும் குழந்தைகளும் அடுப்புக்குப் பக்கத்தில் கழிக்கிற நேரத்தால் வருவது. எங்க ஊர் ஆஸ்பத்திரித் துண்டில் அதை ஆஸ்துமா என்று மட்டும் எழுதுவாங்க.

நோயைப் பற்றி ஆட்சிக்கு அக்கறையே இல்லை என்று சொன்னாலும் சரியில்லை. 1912இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, லயங்களின் சுகாதாரத்தையும் அதில் சேர்த்தார்கள். கொக்கிப்புழு, வயிற்றோட்டம், தண்ணி, கக்கூசு இவையெல்லாம் பேசப்பட்டன. இந்த நோய்களால் ஆள் விழுந்தால் அன்றைக்குப் பெரட்டில் ஒரு தலை குறையும். புகையால் வருகிற நோய் அப்படி இல்லை. அது இருபது வருஷம் கழித்து வரும், பெரட்டுக்கு வரும் வயசெல்லாம் முடிந்த பிறகு. அதனால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது என் ஊகம்.

வீடு தோட்டத்துடையது, வேலை தோட்டத்துடையது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை காம்பரா, பெயர் வெட்டினால் காம்பராவும் போச்சு. 1948 குடியுரிமைச் சட்டம் வந்து ஏழு லட்சம் பேரளவில் நாடற்றவர்களாக ஆனபோது இந்த நிலை இன்னும் இறுகியது. பிரஜை இல்லாதவனுக்கு அரசு காணி கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இடமில்லை. கல்லோயாவிலும் வேறு குடியேற்றங்களிலும் மற்றவர்களுக்குக் காணி கொடுத்துக்கொண்டிருந்த அதே காலம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி நிறைய எழுதியாச்சு. நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு ஊரில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் அந்த ஊரைவிட்டுப் போகும்போது வழக்கமாக என்ன செய்யும்? வீட்டை விற்கும். அந்தக் காசில் போகிற இடத்தில் புது வாழ்க்கை ஆரம்பிக்கும். பதுளையிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் வரை போய்க் கப்பலேறினவர்களிடம் விற்பதற்கு வீடு இல்லை. அண்டா, குண்டா, ஆட்டுக்கல், தகரப் பெட்டி, வளர்த்த மாடு. இவ்வளவுதான் கைமாறியது. இஸ்தோப்பை மறைத்துக் கட்டின குசினிக்கும், களிமண் குழைத்துப் பூசின அடுப்புக்கும் யாரும் காசு தரவில்லை. அடுத்த வாரம் வேற குடும்பத்துக்குக் காம்பராவை எழுதிக் கொடுத்தார்கள், அவங்க அந்த அடுப்பிலேயே உலை வைத்தார்கள்.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975 திருத்தம், தோட்டங்கள் அரசுடைமை. வெள்ளைத்துரை போனார், ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. காணிச் சீர்திருத்தம் என்று பெயர், ஆனா அந்தக் காணியில் வேலை செய்தவனுக்கு அதில் ஒரு பேர்ச்சஸ்கூடச் சேரவில்லை. அடுப்பு அதே இடத்தில் இருந்தது. 1980களில் அணாகி அடுப்பு வந்தது, இரண்டு சட்டி வைக்கிற களிமண் அடுப்பு, விறகு குறைவாகப் பிடிக்கும். நல்ல விஷயம்தான். ஆனா நல்ல அடுப்பை மோசமான இடத்தில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு.

1992இல் மறுபடி ஒரு திருப்பம். தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், 53 வருஷக் குத்தகை. அதோடு வீட்டு விஷயத்தைப் பார்க்க ஒரு பொது நிதியம், சனங்கள் ட்ரஸ்ட் என்று சொல்வது. இதுக்குப் பிறகுதான் 'வீடு வாங்குவது' என்ற பேச்சே தோட்டத்துக்குள் வந்தது. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் மூலம் கடன், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம், தொழிலாளியின் உடலுழைப்பு, இப்படி இரட்டை வீடுகளும் தனி வீடுகளும் எழும்பின. குசினிக்கு என்று ஒரு தனி இடம் வரைபடத்திலேயே வந்தது. லயத்திலிருந்து அங்கே போனவங்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்கினது என்ன? ஒரு சாமானுக்குக் கடன் கட்டி முடித்தால் அது நம்முடையது என்பது சாதாரண நியாயம். இங்கே கடனைக் கட்டி முடித்த பிறகும் கையில் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் ஏராளம். சுவர் உங்களுடையது மாதிரி, நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. பின்னால் ஒரு கூரை இறக்கி விறகு அடுப்பு வைக்கலாமா என்று தோட்ட ஆபீசில் கேட்கணும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அப்படிக் கேட்காமல் நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போட்டார். இரண்டு நாளில் கங்காணியை அனுப்பிக் கழற்றச் சொன்னாங்க. கடன் கட்டி முடிச்சு ஆறு வருஷம் ஆன வீடு அது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. வங்கிக்குப் போய் வீட்டைக் காட்டிக் கடன் கேட்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. கடிதம்கூட வீட்டு இலக்கத்துக்கு வராமல் தோட்ட ஆபீசுக்கு வந்து கிடக்கும் தோட்டங்கள் இன்னும் இருக்கு. கம்பஸ் கிடைத்த கடிதம் பிந்திக் கிடைத்த கதை எங்க பெச்சிலேயே இரண்டு பேரிடம் இருக்கு.

இதில் பிரதேச சபையும் சேர்த்தி இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை செலவு செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. அதைத் திருத்தியது 2018இல். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆட்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள், அந்த உறுப்பினர்களால் தங்கள் லயத்துக்கு ஒரு கான் வெட்டிக் கொடுக்க முடியவில்லை.

உரிமை இல்லாதது என்றால் என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 காலை காட்டியது. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், மலை இறங்கி லயங்களை மூடியது. இறந்தும் காணாமலும் போனவர்கள் 37 பேர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்போ ஏன் எழும்பிப் போகவில்லை என்று கொழும்பில் கேட்டவங்க உண்டு, இன்னும் கேட்கிறாங்க. எங்கே போறது? ஊரில் ஒரு ஆள் வீட்டுக்குப் பின்னால் விரிசல் கண்டால் வீட்டை விற்றோ, காணியை அடகு வைத்தோ வேறு இடம் பார்ப்பார். லயத்தில் இருக்கிறவனுக்கு எச்சரிக்கைத் துண்டு மட்டும்தான் கையில் இருந்தது. மண்சரிவிலிருந்து தப்பினவர்களை முதலில் பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள், பிறகு மாக்கல்தெனியவில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரில். இரண்டு வருஷம் போல அங்கேயே. கொழுந்து வாட்டுவதற்குக் கட்டின மாடியில் பலகை அடித்துப் பிரித்துக் குடும்பங்கள் இருந்தன. இலைக்காகக் கட்டப்பட்ட கட்டிடத்தில் மனுஷரைக் குடிவைத்த அந்தக் காட்சியை, தோட்ட வரலாறு படிக்கிற யாரும் தாண்டிப் போகக் கூடாது. 2016இல் மாக்கல்தெனியவில் 75 வீடு கொண்ட புதுக் குடியிருப்பைக் கையளித்தார்கள், ஆளுக்கு 7 பேர்ச்சஸ்.

அதோடு முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயங்கள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுக்க மலை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில்.

7 பேர்ச்சஸ் என்றால் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி வந்து இன்னும் 10,000 என்றார். 2025 ஒக்டோபரில் அந்தப் பத்தாயிரத்தில் சுமார் 2,000 குடும்பங்களுக்கான ஆவணங்களைப் பண்டாரவளையில் வைத்துக் கொடுத்தார்கள். வீடு 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, பாத்ரூம். இந்த வீடுகளைப் பற்றிக் குறை மட்டும் சொல்கிற சில அண்ணமார் இருக்காங்க, அவங்க பெரும்பாலும் லயத்தில் ஒரு மாரி காலம் இருந்து பார்க்காதவங்க.

எனக்கு இருக்கிற பிரச்சினை வேறு. அந்தக் குசினி கேஸ் அடுப்பை மனதில் வைத்த அளவு. விறகு வைக்க இடமில்லை, சில இடத்தில் புகை போக ஒழுங்கான வழியில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போ தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். அதுவும் எல்லா நாளும் முழுப்பேர் விழுந்தால்தான். கொழும்பில் மாடி வீட்டுக்காரர்களே பல்கனியில் விறகு வைத்த வருஷம் அது. பதுளைப் பக்கம் புது வீட்டுச் சனங்கள் பின்சுவரை ஒட்டி நாலு கம்பு நட்டு, பழைய லயத்துத் தகரத்தைக் கொண்டுவந்து போட்டு, அடுப்பை வெளியே கொண்டுபோனார்கள். நல்ல வீட்டைக் கொடுத்தும் இவங்க குடிசை போட்டு அசிங்கமாக்கிட்டாங்க என்று ஒரு அதிகாரி பேசினதைக் காதால் கேட்டேன். அவர் பார்த்தது அசிங்கம். எனக்கு அதில் தெரிந்தது, நூற்றைம்பது வருஷத்தில் முதல்தடவையாக அடுப்பை எங்கே வைக்கணும் என்று வீட்டில் இருக்கிற பெண் முடிவெடுத்தது. காம்பராவுக்கு வெளியே, காற்று அடிக்கிற பக்கத்துக்கு எதிரில், கூரை உயரமாக, இரண்டு பக்கம் திறந்து. புகை அப்படியே மேலே போகுது. அவளுக்கு யாரும் வரைபடம் கொடுக்கவில்லை.

அடுத்த தடவை வீடு வரைகிறவங்க அந்தத் தகரக் கொட்டிலை அளந்து பார்த்துவிட்டு வரையலாம். எத்தனை அடி அகலம், விறகு எந்தப் பக்கம் அடுக்கியிருக்கு, அம்மி எங்கே இருக்கு, மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எல்லாமே அதில் எழுதியிருக்கு. அதுக்கான இடம் அந்த 7 பேர்ச்சஸுக்குள்ளேயே இருக்கு. தேவை ஒன்றுதான்: அந்த ஏழும் தன் பெயரில் இருக்கு என்று அவள் கையில் ஒரு உறுதிப்பத்திரம். கழற்றச் சொல்லி யாரும் ஆள் அனுப்ப முடியாத உறுதிப்பத்திரம்.

கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயசு இருக்கும். தேயிலை மலைகளை யார் எடுப்பார்கள் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். குத்தகைப் பத்திரத்தில் ஸ்டோர் இருக்கு, பங்களா இருக்கு, மலை ஏக்கர் கணக்கில் இருக்கு, லயங்களும் கட்டிடங்கள் என்ற தலைப்பில் அதே கணக்கில்தான் வருகின்றன. அதற்குள் இருக்கிறவர்களின் பெயர் இன்னும் செக்ரோலில் மட்டும்தான் இருக்கு.